நீள் கியூடி நோய்: "இதுதான் காரணம்" என்ற மரபணு ரிப்போர்ட் "தெளிவில்லை" என்று மாறியது எப்படி? வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செந்தாமரை

வணக்கம். எங்கள் குடும்பத்தில் நீள் கியூடி நோய் இருக்கிறது, இதயத்தின் மின் இயக்கம் தடுமாறி மயக்கமோ திடீர் மரணமோ வரக்கூடிய பரம்பரை நோய். அக்கா அடிக்கடி மயங்கி விழுவாள், முதலில் வலிப்பு என்று சொல்லி அதற்கே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் ஒரு டாக்டர் ஈசிஜியை நிதானமாகப் பார்த்து கியூடி நீண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார். மரபணுச் சோதனையும் செய்தோம். ஆன்கிரின்-பி என்ற மரபணுவில் ஒரு மாற்றம், இதுதான் நோய்க்குக் காரணம் என்று ரிப்போர்ட் வந்தது. அதை வைத்துக் குடும்பத்தில் எல்லாரையும் சோதித்தார்கள். தம்பி மகனுக்கு அந்த மாற்றம் இல்லை, கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவனுக்கு ஈசிஜி பார்ப்பதையே நிறுத்திவிட்டோம்.

இப்போது அதே லேபிலிருந்து கடிதம். அந்த மாற்றம் இனி "பொருள் தெளிவில்லாதது" என்ற வகையில் சேர்க்கப்படுகிறதாம். ஒரு பக்கக் கடிதம், விளக்கம் எதுவும் இல்லை. நேற்று வரை உறுதி, இன்று தெரியாது என்றால் என்ன அர்த்தம்? இந்த நோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எங்கே தடம் மாறியது என்று முதலிலிருந்து புரிந்துகொள்ள நினைக்கிறேன். நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

சந்தேகப்பிராணி

இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ரிப்போர்ட் விற்கிறவர்களுக்கு "தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆள் வரமாட்டார். அதனால் முதலில் உறுதி என்று அடித்துவிடுவார்கள், யாராவது கேள்வி கேட்டால் பின்வாங்குவார்கள்.

பழைய கிராஃப்

சந்தேகப்பிராணி சார், உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் கதை அதைவிடப் பெரியது. நான் ஈசிஜி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நோயின் வரலாற்றை எனக்குத் தெரிந்தவரை முதலிலிருந்தே சொல்கிறேன்.

1856-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மைஸ்னர் என்பவர் காது கேளாமை பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. காது கேளாதோர் பள்ளியில் ஒரு சிறுமியை ஏதோ சின்னத் தவறுக்காக எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கண்டிக்கிறார்கள். அந்த இடத்திலேயே விழுந்து இறந்துபோகிறாள். பெற்றோரிடம் சொல்லும்போது அவர்கள் ஆச்சரியமே படவில்லையாம், ஏனென்றால் அவர்களுடைய வேறு இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இதே மாதிரி போயிருக்கிறார்கள், ஒன்று பெரிதாகப் பயந்தபோது, இன்னொன்று ஆத்திரத்தின் உச்சத்தில். ஈசிஜி என்ற ஒன்றே இல்லாத காலம் அது. ஆனால் காது கேளாமை, உடன்பிறந்தவர்களின் மரணம், உணர்ச்சி வேகத்தில் நின்றுபோன இதயம் என்று மூன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அது என்ன நோய் என்று சொல்ல 100 ஆண்டு ஆனது.

நடுவில் கருவி வர வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐன்தோவன், ஈசிஜி எடுக்க உதவிய கம்பி கால்வனோமீட்டர் என்ற கருவியை உருவாக்கியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பி, கியூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் இன்றும். கியூ தொடங்கும் இடத்திலிருந்து டி முடியும் இடம் வரை கியூடி இடைவெளி, அதாவது இதயத்தின் கீழறைகள் மின்னேற்றம் பெற்று மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். துடிப்பு வேகமானால் இது தானாகவே சுருங்கும். அதனால் வேகத்துக்கு ஏற்பத் திருத்தம் வேண்டும். 1920-ல் பாசெட் ஒரு சூத்திரம் கொடுத்தார், கியூடியை இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுப்பது. அவர் அதைப் போட்டது 39 பேரின் ஈசிஜியை வைத்து! அதே ஆண்டில் ஃப்ரிடெரிசியா கனமூலம் போட்டார், அது இன்னும் கொஞ்சம் நியாயமானது. ஆனால் பாசெட் சூத்திரம்தான் எல்லா மெஷினிலும் உட்கார்ந்திருக்கிறது. துடிப்பு வேகமாக இருந்தால் அது கியூடியைக் கூட்டிக் காட்டும், மெதுவாக இருந்தால் குறைத்துக் காட்டும். பதற்றத்தோடு வந்து படுக்கிற குழந்தைக்கு மெஷின் அச்சடித்துத் தரும் எண்ணை நான் ஒருநாளும் அப்படியே நம்பியதில்லை.

முயல்குட்டி

காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் உடம்பில் எங்கெங்கோ இருக்கிறதே.

பழைய கிராஃப்

அந்தக் கேள்விக்கு விடை 1990-களில்தான் வந்தது, முயல்குட்டி. அதற்கு முன் 1957. நார்வேயில் யெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். 6 குழந்தைகளில் 4 பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அந்த 4 பேருக்கும் மயக்கம் வரும், அவர்களில் 3 பேர் திடீரென இறந்தார்கள். ஈசிஜியில் கியூடி மிக நீளம். பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. 1964-ல் ஃப்ரேசரும் ஃபிராகெட்டும் இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்துப் பகுதிகளில் காது கேளாத குழந்தைகளிடையே தேடினார்கள். 10 லட்சம் குழந்தைகளில் 1.6 முதல் 6 பேர் வரை என்று கணக்கு வந்தது. ரொம்ப அபூர்வம் என்று முடிவு கட்டினார்கள்.

ஆனால் அதற்குள்ளேயே 1963-ல் இத்தாலியின் ஜெனோவாவில் ரொமானோவும், 1964-ல் டப்ளினில் வார்டும் தனித்தனியாக எழுதியிருந்தார்கள், காது நன்றாகக் கேட்கிற குழந்தைகளிலேயே இதே மயக்கம், இதே கியூடி, இதே குடும்ப மரணங்கள். அங்கே பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருகிறது. இரண்டும் வேறு வேறு நோய் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள்.

என் கருத்து ஒன்று. கருவி வந்தது, ஆனால் கண்டுபிடிப்பு கருவியால் மட்டும் நடக்கவில்லை. இவர்கள் எல்லாருக்கும் துப்பு கொடுத்தது ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தை போன கதைதான். ஒரு குழந்தை மட்டும் இறந்திருந்தால் வலிப்பு என்று எழுதி மூடியிருப்பார்கள்.

ஓய்வுபெற்ற குழந்தை டாக்டர்

மூடியும் இருக்கிறார்கள். செந்தாமரை அம்மா, உங்கள் அக்காவுக்கு வலிப்பு மாத்திரை கொடுத்ததை நினைத்து வருத்தப்படாதீர்கள், உலகம் முழுக்க இது நடந்திருக்கிறது. இதயம் சில விநாடி வேலை செய்யாவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாமல் கை கால் வெட்டி இழுக்கும், பார்க்கிறவர்களுக்கு வலிப்பாகத்தான் தெரியும். பயந்தபோதோ ஓடும்போதோ விழுந்தாளா என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதைக் கேட்பவர்கள் குறைவு.

நான் சிகிச்சையின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு முரண் இருக்கிறது. 1966-ல் யானோவிட்ஸ் குழுவினர் நாய்களில் ஒரு சோதனை செய்தார்கள். பயத்திலும் ஓட்டத்திலும் இதயத்தை விரட்டுவது பரிவு நரம்பு. கழுத்தின் அடியில் இருக்கும் அந்த நரம்பின் முடிச்சில் இடது பக்கத்தைத் தூண்டினாலோ, வலது பக்கத்தை வெட்டினாலோ கியூடி நீள்கிறது. அதிலிருந்து ஒரு கோட்பாடு வந்தது. இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இடது, வலது பரிவு நரம்புகளில் சமநிலை இல்லை, இடது பக்கம் ஓங்கியிருக்கிறது என்று. மாஸும் மெக்டொனால்டும் ஒரு நோயாளிக்கு இடது பக்க முடிச்சை அறுவை செய்து எடுத்து 1971-ல் வெளியிட்டார்கள், மயக்கம் நின்றது. மிலானில் இருந்த ஷ்வார்ட்ஸ் இந்தக் கோட்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு 1975-ல் உலகில் அதுவரை வந்த கேஸ்களையெல்லாம் திரட்டினார். அட்ரினலின் வேகத்தை அடக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இறப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அன்றிலிருந்து பீட்டா பிளாக்கர்தான் முதல் மருந்து.

அப்புறம் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த நரம்புச் சமநிலைக் கோட்பாடு காலியானது. கோளாறு இதயச் செல்லிலேயே இருந்தது. ஆனால் பீட்டா பிளாக்கரும் போகவில்லை, இடது பக்க அறுவையும் போகவில்லை! மருந்து போதாதவர்களுக்கு இன்றும் செய்கிறார்கள். காரணம் எதுவானாலும் சரி, அட்ரினலின் வேகத்தைக் குறைத்தால் அந்தப் பலவீனமான செல் பிழைத்துக்கொள்கிறது.

1979-ல் மாஸ், ஷ்வார்ட்ஸ், கிராம்ப்டன் மூவரும் சேர்ந்து ஒரு சர்வதேசப் பதிவேடு தொடங்கினார்கள். குடும்பம் குடும்பமாகச் சேர்த்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1991-ல் 328 குடும்பங்களின் விவரம் வெளிவந்தது. அதற்கு முன் பத்திரிகைக்கு வந்ததெல்லாம் மோசமான கேஸ்கள் மட்டுமே, அதனால் நோயே படு பயங்கரமாகத் தெரிந்தது.

சந்தேகப்பிராணி

சரி, குடும்பம் குடும்பம் என்கிறீர்கள். அப்படியானால் மரபணு எதற்கு? ஈசிஜி போதுமே.

ஜீன்லேப்காரன்

போதாது. ஏன் என்று ஒரு குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் வம்சாவளியைப் பதிந்து வைக்கும் வழக்கம் உண்டு, பெரிய குடும்பங்களும் அதிகம். அங்கே வின்சென்ட் என்ற மருத்துவர் ஆண்டுக்கணக்கில் நீள் கியூடி குடும்பங்களைப் பார்த்து வந்தார். அந்தக் குடும்பங்களில் ஒன்றை வைத்துத்தான் மரபணு ஆராய்ச்சியாளர் கீட்டிங்கின் குழு 1991-ல் நோயை 11-ஆம் குரோமோசோமின் ஒரு முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறு ஆண்டே வின்சென்ட் ஒன்று செய்தார். யாரிடம் நோய்க்குரிய மரபுத் துண்டு இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரிந்துவிட்டதல்லவா, இரண்டு கூட்டத்தாரின் கியூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோய் இருப்பவர்களிடம் திருத்திய கியூடி 410 முதல் 590 மில்லி விநாடி வரை. இல்லாதவர்களிடம் 380 முதல் 470 வரை. 410-க்கும் 470-க்கும் நடுவில் இரண்டு கூட்டமும் கலந்து கிடக்கிறது. அந்த இடத்தில் விழுகிற ஒரு பிள்ளைக்கு ஈசிஜியை மட்டும் வைத்து இருக்கிறது, இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய கிராஃப்

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேகத்தில் ஓடும் ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 1 மில்லிமீட்டர், அதாவது 40 மில்லி விநாடி. 440 இயல்பு, 480 நோய் என்று பேசுகிறோமே, அந்த வித்தியாசம் முழுக்க ஒரே ஒரு சின்னக் கட்டம். டி அலை சரிந்து அடிக்கோட்டில் எங்கே சேர்கிறது என்று பென்சிலால் தொடுகோடு போட்டுப் பார்ப்போம், பின்னால் ஒரு குட்டி யு அலை ஒட்டிக்கொண்டு வந்தால் போச்சு, இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை. 2005-ல் விஸ்கின் குழு பல நாட்டு மருத்துவர்களிடம் சில ஈசிஜிகளைக் கொடுத்து எது நீளம், எது இயல்பு என்று கேட்டது. கியூடியிலேயே ஊறிய நிபுணர்களில் 96 விழுக்காட்டினர் எல்லாவற்றையும் சரியாகப் பிரித்தார்கள். சாதாரண இதய மருத்துவர்களில் 25 விழுக்காட்டுக்கும் குறைவு.

முயல்குட்டி

அய்யோ. அந்த 11-ஆம் குரோமோசோமில் என்ன இருந்தது?

ஜீன்லேப்காரன்

முதலில் ஒரு தப்பான ஆள் மாட்டினான். அந்த இடத்தில் புற்றுநோய் ஆராய்ச்சியில் பிரபலமான எச்-ராஸ் மரபணு இருந்தது. 1991 கட்டுரையின் தலைப்பிலேயே அதன் பெயர் உண்டு. அதுவே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள், எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்ததில் அதில் குற்றமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் அவன், அவ்வளவுதான். செந்தாமரை, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

உண்மையான ஆள் கிடைப்பதற்கு முன்பு வேறு குடும்பங்களில் 3, 7 என்ற குரோமோசோம்கள் மாட்டின. 7-ல் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு ஈயின் கதை இருக்கிறது. 1969-ல் கப்லான், டிரவுட் இருவரும் பழ ஈக்களில் ஒரு விசித்திர வகையைப் பற்றி எழுதினார்கள். ஈதர் கொடுத்து மயக்கினால் மற்ற ஈக்கள் அசையாமல் கிடக்கும், இது மட்டும் கால்களை உதறி ஆடிக்கொண்டே இருக்கும். ஈதர்-அ-கோ-கோ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது ஒரு பொட்டாசியம் சேனல் மரபணு, அதாவது செல்லின் சுவரில் பொட்டாசியம் போகும் வாசலைச் செய்யும் மரபணு, என்பது பிறகு தெரிந்தது. 1994-ல் வார்ம்கியும் கனெட்ஸ்கியும் அதன் மனித உறவுக்கார மரபணுவை மூளைத் திசுவிலிருந்து எடுத்து ஹெர்க் என்று பெயர் வைத்தார்கள். இதயம் அவர்கள் தேடிய விஷயமே இல்லை. கீட்டிங் ஆட்கள் அது 7-ஆம் குரோமோசோமில் தங்களுக்கு வேண்டிய இடத்திலேயே இருப்பதைப் பார்த்து, நோயாளிகளில் தேடினால் மாற்றங்கள் அங்கே இருக்கின்றன. 1995 மார்ச்சில் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள், ஒன்று ஹெர்க், இன்னொன்று 3-ஆம் குரோமோசோமின் சோடியம் சேனல் எஸ்சிஎன்5ஏ. 1996-ல் 11-ஆம் குரோமோசோமின் கேசிஎன்கியூ1. இந்த மூன்றும்தான் இன்றும் முக்கியமான மூன்று.

முயல்குட்டியின் காதுக் கேள்விக்கு இப்போது வருகிறேன். கேசிஎன்கியூ1 செய்யும் சேனல் இதயத்திலும் இருக்கிறது, உள்காதிலும் இருக்கிறது. உள்காதின் திரவத்துக்குப் பொட்டாசியத்தை அனுப்புவது அதன் வேலை, அது இல்லாமல் கேட்கும் செல்கள் இயங்காது. நம்மிடம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. ஒன்று மட்டும் கெட்டால் காது சமாளித்துவிடும், இதயம் தடுமாறும், அது ரொமானோவும் வார்டும் பார்த்த நோய். இரண்டும் கெட்டால் காதும் போகும், இதயமும் ரொம்ப மோசமாகும், அது யெர்வெல் பார்த்தது. 1997-ல் இது நிரூபணமானது. அந்த நார்வே மாதிரிக் குடும்பங்களில் பெற்றோர் நலமாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆளுக்கு ஒரு கெட்ட பிரதி அவர்களிடம் இருக்கிறது. இரண்டு நோய் என்று 40 ஆண்டு படித்தது ஒரே மரபணு.

ஓய்வுபெற்ற குழந்தை டாக்டர்

எங்களைப் போல நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்கு உண்மையில் உதவியது 2001-ல் வந்த ஆய்வு. மரபணு தெரிந்த, அறிகுறி வந்த 670 பேரில் எந்த நேரத்தில் ஆபத்து வந்தது என்று ஷ்வார்ட்ஸ் குழு பிரித்துப் பார்த்தது. முதல் வகையில், அதாவது கேசிஎன்கியூ1 ஆட்களில், 62 விழுக்காடு உடற்பயிற்சியின்போது, அதிலும் நீச்சல் தனி ஆபத்து. ஹெர்க் வகையில் 43 விழுக்காடு உணர்ச்சி வேகத்தில், அலாரம், டெலிபோன் மணி மாதிரி திடீர்ச் சத்தமும் அவர்களுக்கு ஆகாது. மூன்றாம் வகையில், அதாவது எஸ்சிஎன்5ஏ ஆட்களில், 39 விழுக்காடு தூக்கத்திலோ ஓய்விலோ. ஓடும்போது இதயத்தின் மறு மின்னேற்றத்தைச் சீக்கிரம் முடித்துத் தருவது கேசிஎன்கியூ1 மின்னோட்டம்தான், அது இல்லாவிட்டால் துடிப்பு கூடும், கியூடி சுருங்காது. மைஸ்னரின் சிறுமி எந்த மரபணு என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் எதில் கட்டுவேன் என்று சொல்லத் தேவையில்லை.

சந்தேகப்பிராணி

ஷ்வார்ட்ஸ் என்ற பெயர் எல்லா இடத்திலும் வருகிறது. அவர்தானே 1998-ல் தொட்டில் மரணத்துக்கும், கைக்குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறப்பதற்கும், கியூடிதான் காரணம் என்று எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பினார்? அதையும் சொல்லுங்கள். நல்லதை மட்டும் சொன்னால் எப்படி?

ஓய்வுபெற்ற குழந்தை டாக்டர்

சண்டை நடந்தது உண்மை. 34,000-க்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 3, 4 நாளில் ஈசிஜி எடுத்து 19 ஆண்டு நடந்த ஆய்வு அது. காரணம் தெரியாமல் இறந்த 24 குழந்தைகளில் 12 பேருக்கு கியூடி 440-க்கு மேல். எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு, அந்த வயதில் கியூடி நாளுக்கு நாள் மாறும், 440-க்கு மேல் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பான்மை நன்றாகவே வளர்கிறது, எல்லாருக்கும் மருந்து கொடுப்பதா என்று. பிறகு இறந்த குழந்தைகளின் மரபணுவைப் பார்த்தவர்கள் ஒரு சிறு பங்கில் இந்த நோயின் மாற்றங்களைக் கண்டார்கள். எல்லாத் தொட்டில் மரணத்துக்கும் இது காரணம் இல்லை, சிலவற்றுக்குக் காரணம். அவ்வளவு தூரம் இரு தரப்பும் ஒத்துப்போகும்.

அதே ஆள்தான் 2009-ல் இத்தாலியில் 44,000-க்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளை வைத்துச் சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் என்று காட்டினார். 1964-ல் அபூர்வம் என்றது எங்கே, இது எங்கே.

கசப்புமாத்திரை

நான் மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஹெர்க் எங்கள் தொழிலையே மாற்றிய மரபணு என்பதால் ஒரு வரி, சரி, பத்து வரி. ஒவ்வாமைக்குத் தெர்ஃபெனடின் என்று ஒரு மாத்திரை இருந்தது, தூக்கம் வராது என்று கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டார்கள். 1990-ல் ஒரு பெண் அதோடு கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டு, கியூடி நீண்டு, அலைகள் முறுக்கிக்கொண்டு வரும் அந்த ஆபத்தான துடிப்பு வந்த கதை வெளியானது. அந்த முறுக்குத் துடிப்பை 1966-லேயே பாரிஸில் தெசெர்தென் விவரித்திருந்தார். கல்லீரல் தெர்ஃபெனடினை உடைக்கும் வேலையைப் பூஞ்சை மருந்து தடுத்துவிடுகிறது, ரத்தத்தில் அது ஏறிப்போய் ஹெர்க் சேனலை அடைக்கிறது. பிறவியில் கெட்டுப் பிறப்பவர்களுக்கு என்ன நடக்கிறதோ அதையே மாத்திரை செய்கிறது. 1998-ல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள், 2000-ல் வயிற்றுக் கோளாறுக்கான சிசாபிரைடும் போனது. 2005 முதல் சர்வதேச விதிமுறையே வந்துவிட்டது, புது மருந்து எதுவானாலும் ஹெர்க்கை அடைக்கிறதா, கியூடியை நீட்டுகிறதா என்று பார்க்காமல் நகர முடியாது. அந்தச் சோதனையில் தோற்று மூட்டை கட்டிய மருந்துகளை நானே பார்த்திருக்கிறேன்.

செந்தாமரை, உங்கள் அக்காவிடம் கியூடியை நீட்டும் மருந்துகளின் பட்டியல் கட்டாயம் இருக்க வேண்டும். சில ஆன்டிபயாடிக், சில வாந்தி மாத்திரை, சில மனநல மருந்துகள் எல்லாம் அதில் வரும்.

செந்தாமரை

பட்டியல் இருக்கிறது, நன்றி. ஆனால் ஆன்கிரின் இன்னும் வரவே இல்லையே. மூன்று மரபணு என்று முடித்துவிட்டீர்கள்.

ஜீன்லேப்காரன்

வருகிறேன். 1997 வாக்கில் நிலைமை என்ன? பெரிய மீன்களைப் பிடித்தாகிவிட்டது, ஆனால் நோய் உறுதியான குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு மரபணு கிடைக்கவில்லை. எல்லா லேபும் அதைத் தேடியது. 2003-ல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தை வைத்து ஆன்கிரின்-பி வந்தது, சேனலே இல்லாத, சேனல்களைச் சரியான இடத்தில் நிறுத்தி வைக்கும் புரதம். நான்காம் வகை என்று பெயர் வைத்தார்கள். பெரிய செய்தி அது, பாடப்புத்தகம் வரை போனது. அடுத்தடுத்து வகைகள் பெருகி 17 மரபணு ஆனது.

பின்னால் வந்தவற்றில் பலவற்றுக்குச் சாட்சி எப்படிப்பட்டது என்று பாருங்கள். நோயாளியிடம் ஒரு சந்தேகத்துக்குரிய மரபணுவைப் படிப்பார்கள், ஒரு மாற்றம் கிடைக்கும், 100 அல்லது 200 நலமான ஆட்களிடம் அது இல்லை, செல்லில் போட்டுப் பார்த்தால் மின்னோட்டம் கொஞ்சம் மாறுகிறது, கட்டுரை தயார். குடும்பம் முழுக்க அந்த மாற்றம் நோயோடு சேர்ந்தே பயணிக்கிறதா என்பது பல நேரம் பார்க்கப்படவில்லை, அல்லது பார்க்கும் அளவுக்குக் குடும்பம் பெரிதாக இல்லை. உட்டா குடும்பத்தோடு ஒப்பிட்டால் இது எங்கே நிற்கிறது? அங்கேயே எச்-ராஸ் என்ற பக்கத்து வீட்டுக்காரன் மாட்டி, படித்துப் பார்த்த பிறகுதான் விடுதலையானான். இங்கே பல பேரை யாரும் விடுவிக்கவே இல்லை.

அப்புறம் ஆயிரக்கணக்கான சாதாரண மக்களின் மரபணுப் படிப்பு பொதுவில் வந்தது. 2012-ல் டென்மார்க்கிலிருந்து ஒரு குழு, நீள் கியூடிக்குக் காரணம் என்று அதுவரை எழுதப்பட்ட மாற்றங்களை அந்தப் பொதுத் தரவில் தேடியது. 31 பேரில் ஒருவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது! நோய் 2,000-ல் ஒருவருக்கு, காரணம் 31-ல் ஒருவருக்கு என்றால் கணக்கு எங்கே சேரும்?

2020-ல் ஒரு நிபுணர் குழு 17-ஐயும் எடுத்து வைத்து, பெயர் புகழ் பார்க்காமல், சாட்சியை மட்டும் மதிப்பிட்டது. வழக்கமான நீள் கியூடிக்கு உறுதியான சாட்சி உள்ளவை மூன்றே மூன்று, கேசிஎன்கியூ1, ஹெர்க், எஸ்சிஎன்5ஏ. கால்மாடுலின் மரபணுக்கள் மூன்றும் டிரையாடினும் குழந்தைப் பருவத்திலேயே கடுமையாக வரும் வித்தியாசமான வகைக்கு வலுவான சாட்சி பெற்றன. ஒன்று நடுத்தரம். மீதி 9-க்குச் சாட்சி குறைவு, அல்லது மறுக்கத்தக்கது. ஆன்கிரின்-பி அந்த 9-ல் இருக்கிறது. உங்கள் கடிதம் அங்கிருந்துதான் வருகிறது.

சந்தேகப்பிராணி

ஆக நான் முதலில் சொன்னது சரிதானே.

ஜீன்லேப்காரன்

பாதி. முதல் ரிப்போர்ட் எழுதியபோது இருந்த புத்தகம் அப்படித்தான் சொன்னது, ஆனால் அந்தப் புத்தகத்தின் சாட்சி பலவீனம் என்பது அப்போதே கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். "காரணம்" என்று தடித்த எழுத்தில் போடாமல் எழுதியிருக்கலாம். திருத்தக் கடிதம் அனுப்பியதற்கு அந்த லேபைப் பாராட்டுவேன், அனுப்பாத லேப்கள் நிறைய. விளக்கம் இல்லாமல் ஒரு பக்கத்தில் அனுப்பியதற்குத் திட்டுவேன்.

இனி முக்கியமானது, செந்தாமரை. அக்காவின் நோய் பொய்யாகவில்லை, அவர் ஈசிஜியும் மயக்கமும் அப்படியே நிற்கின்றன, மருந்தை நிறுத்தக் கூடாது. பொய்யானது தம்பி மகனுக்குக் கிடைத்த "இல்லை" என்ற பதில். காரணம் என்று உறுதியான மாற்றம் குடும்பத்தில் இருந்தால்தான் அது இல்லாதவரை விடுவிக்கலாம். இங்கே அந்த அடிப்படையே போய்விட்டது. அவனுக்கு மறுபடி ஈசிஜி, படுத்த நிலையில் மட்டும் இல்லாமல் எழுந்து நின்றதும், டிரெட்மில் முடிந்து ஓய்வெடுக்கும்போதும் எடுக்கச் சொல்லி உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். நீச்சலுக்குப் போகிறான் என்றால் அதற்கு முன்பே.

செந்தாமரை

போகிறான். வாராவாரம். இப்போதே தம்பிக்குப் போன் செய்கிறேன்.

செந்தாமரை

பேசிவிட்டேன். டாக்டரைப் பார்க்கும்வரை நீச்சல் இல்லை. பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறானாம், பரவாயில்லை. அக்காவின் ரத்தத்தை மறுபடி சோதிப்பதில் பயன் உண்டா? முன்பு மூன்று முக்கிய மரபணுவும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஜீன்லேப்காரன்

உண்டு. பழைய முறைகள் எழுத்துப் பிழையைப் பிடிக்கும், மரபணுவின் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தாலோ இரட்டித்திருந்தாலோ கண்ணில் படாமல் போகலாம். அதையும் பார்க்கும் சோதனையா என்று கேட்டுச் செய்யுங்கள். அதிலும் எதுவும் கிடைக்காவிட்டால், மரபணு தெரியாத அந்த ஐந்தில் ஒன்றில் உங்கள் குடும்பமும் ஒன்று, அப்போது எல்லாருக்கும் ஈசிஜிதான் வழி. புதிதாக ஏதாவது கிடைத்தால் அது குடும்பத்தில் யார் யாரிடம் நோயோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வயதானவர்களின் ரத்தமும் தேவைப்படும். மயக்கம் வந்த பெரியப்பா, அத்தை யாராவது இருக்கிறார்களா?

செந்தாமரை

அத்தை இருக்கிறார், சின்ன வயதில் விழுவாராம். பாட்டியின் தங்கை தூக்கத்தில் இறந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. தாத்தாவின் பழைய ஈசிஜிகள் ஒரு பையில் கிடக்கின்றன, பாதி மங்கிப்போயிருக்கிறது.

பழைய கிராஃப்

அம்மா, அந்தப் பையை இன்றே எடுங்கள். அது சூட்டில் எழுத்து விழும் தாள், வெளிச்சம் பட்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் வெளுத்துக்கொண்டே போகும். முதலில் ஜெராக்ஸ் எடுங்கள், அளவைச் சுருக்காமல், பெரிதாக்காமல் அதே அளவில், இல்லாவிட்டால் கட்டத்தை எண்ண முடியாது. லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். ஓரத்தில் தேதி, வயது, அப்போது சாப்பிட்ட மாத்திரை, தாள் ஓடிய வேகம் அச்சாகியிருந்தால் அது, எல்லாவற்றையும் ஜெராக்ஸின் பின்பக்கம் எழுதுங்கள். முடிந்தால் இரண்டாம் லீடும் வி5-உம் (தாளில் II, V5 என்று குறித்திருக்கும் வரிகள்) தெளிவாக இருக்கும் பக்கங்களைத் தனியே எடுத்து வையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.